இங்கிட்டுன்னா எங்கிட்டு?

திருமயம் பக்கம் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், அவர் உதட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வளைவு வரும்போது "இங்கிட்டு... இங்கிட்டு..." என்று முணுமுணுத்தால் சந்தேகமே வேண்டாம். அவர் பிரகதீஸ்வரியிடம் ஓட்டப் பழகியவர்.

பிரகதீஸ்வரி என்ற முழுப்பெயரை அவளுடைய லைசென்ஸில்தான் பார்க்கலாம். எங்களுக்கெல்லாம் ஈஸ்வரி. என்னுடையது பேட்டரி கடை, அடுத்த கதவு அவள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே அவள் தும்மினால் இங்கே நான் நூறு ஆயுசு சொல்வேன். என்னைவிட வயதில் சின்னவள், தங்கச்சி முறை வைத்துப் பழகியவள், ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாராவது சண்டைக்கு வந்தால் கடைக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.

சொந்த ஊர் குன்றாண்டார்கோவில். படித்தது பி.காம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணபதியைக் கட்டிக்கொண்டு திருமயம் வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் அவள் முதலில் சேர்ந்தது கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடும் வேலைக்கு. அப்போது ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் பிச்சைமுத்து. ஒருநாள் விசா வந்துவிட்டது என்று கத்தாருக்குப் பறந்துவிட்டான். காலை வகுப்புக்கு வந்த பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், முதலாளி தலையில் கை வைத்து நிற்கிறார். முன்பே லைசென்ஸ் எடுத்திருந்த ஈஸ்வரி எழுந்து வந்து, "சாவியக் குடுங்க சார்" என்றாள். அன்றைக்கு வாங்கிய சாவியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவள் சொல்லிக் கொடுப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கூட்டிப் போவாள். அங்கே மோதுவதற்குக் கருவேல மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அப்புறம் கிராமத்துச் சாலை. அப்புறம் சந்தை நாளில் கடைவீதி. கடைசியில் கோட்டைக்குப் பின்னால் ஓர் ஏற்றம், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். கண்மாயிலேயே கிடந்தால் கற்றுக்கொள்ள மாட்டார்கள், முதல் நாளே ஏற்றத்துக்குக் கூட்டிப் போனால் மறுநாள் வர மாட்டார்கள். "அவங்கவங்களுக்கு எது கொஞ்சம் கஷ்டமோ அத மட்டும் குடுக்கணும்ணே. ரொம்பக் கஷ்டமும் ஆகாது, ரொம்ப லேசும் ஆகாது" என்பாள். நான் தலையாட்டுவேன். ஒரு செல்போன் விளையாட்டை வைத்து அவள் இதே பேச்சை எங்களிடம் பேசுவாள் என்று அப்போது யார் கண்டார்கள்?

விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் ஐயனார். மீமிசலிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி வரும் வண்டிக்காரன். ஒருநாள் அவன் வண்டி பேட்டரி என் கடை வாசலிலேயே உயிரை விட்டது. சார்ஜ் ஏறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து, "அடி! விடாத! காலுலயே போடு!" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரையோ அடிக்கிறார்கள் என்று ஈஸ்வரி ஓடிவந்தாள். பார்த்தால் போனுக்குள் வாள் சண்டை.

விளையாட்டின் பெயர் கருங்கோட்டை. இந்தியா முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் ஆடுவது. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். நால்வர் சேர்ந்தால் ஒரு குழு. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசலாம். ஆட ஆட நம் ஆளுக்குப் பலம் ஏறும், எதிரில் வரும் பூதங்களுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடவே ஏறும். இரண்டே வாரத்தில் மூன்று பேரும் அதற்குள் விழுந்துவிட்டோம். நான் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவது என் வேலை, கடையில் வாடிக்கையாளரிடம் பழகியதுதான். ஐயனார் வாள். ஈஸ்வரி வில். தூரத்தில் நின்று முழுக் களத்தையும் பார்ப்பவள் என்பதால் எங்களுக்கு உத்தரவு போடுவதும் அவளே.

நாலாவது ஆள் வேண்டியிருந்தது. அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் வைத்தியச்சி.

அப்படித்தான் முத்தாள் ஆச்சி வந்தார். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் பெரிய செட்டியார் வீடு. கணவர் சொக்கநாதன் சென்னையில் தொழில் பார்க்கிறார். ஆச்சிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வீட்டுக் கொட்டகையில் புதுக் கார் உறை போட்டு நிற்கிறது. எங்கே போவதென்றாலும் டிரைவருக்குச் சொல்லியனுப்பி, அவர் வர நேரமில்லை என்றால் போகாமலே இருந்து, ஆச்சிக்கு அலுத்துவிட்டது. தனக்குத் தோன்றும் நேரத்தில் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஈஸ்வரியிடம் சேர்ந்தார். டெஸ்டுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் ஃபெயில். ஒருமுறை லெஃப்ட்டில் திருப்பச் சொன்னால் ரைட்டில் திருப்பினார். மறுமுறை பிரேக் போட வேண்டிய இடத்தில் போடவே இல்லை.

ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து உட்கார்ந்திருந்தவர் எங்கள் போனை எட்டிப் பார்த்தார்.

"அந்த வெளக்கு வச்சிருக்க பொம்பளை யாருக்கு?"

"யாருக்கும் இல்ல ஆச்சி. அது வைத்தியச்சி, ஆள் கெடைக்கல."

"அப்ப எனக்குக் குடுங்க."

கொடுத்தோம். அப்புறம் பட்ட பாடு இருக்கிறதே! நான் அடி வாங்கிச் சாகக் கிடப்பேன், ஆச்சி நன்றாக இருக்கும் ஐயனாருக்கு மருந்து போடுவார். எதிரி துரத்தும்போது வழியில் மினுக்கும் பூவைப் பறிக்க நிற்பார். முன்பின் தெரியாத குழுவைப் பார்த்தால் நின்று கும்பிடுவார். ஒருநாள் எதிரிக்கே வைத்தியம் பார்த்து எழுப்பி விட்டுவிட்டார். ஆட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பூதம். மலை போல உடம்பு, அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி போல எவரையும் பாஸ் போட மாட்டேன் என்று நிற்பதால் ஈஸ்வரி அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தாள். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்குவார். எந்தப் பக்கக் கையோ அந்தப் பக்கத் தரை பூராவும் தீ. அடுத்த பக்கம் ஓடிவிட வேண்டும், தவறினால் ஒரே அடியில் சாம்பல். நானும் ஐயனாரும் அவர் காலடியில் நின்று வெட்டிக்கொண்டிருப்போம், எங்களுக்குக் கை தெரியாது. ஈஸ்வரிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவளும் சொன்னாள். "இங்கிட்டு வாங்க! இங்கிட்டு!"

"இங்கிட்டுன்னா எங்கிட்டுக்கா?" என்று மீமிசலிலிருந்து ஐயனார் கேட்டு முடிப்பதற்குள் சாம்பலாகிவிட்டான். அவள் கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறாள். கடற்கரையில் வண்டிக்குள் இருப்பவனுக்கு அவள் கை எப்படித் தெரியும்? நான் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இங்கிட்டு எனக்கு அங்கிட்டு. நானும் சாம்பல். இப்படியே தினமும் செத்தோம். கணபதி வேலை முடிந்து ஈஸ்வரியைக் கூட்டிப் போக வரும்போது வாசலில் நின்று கேட்கும் ஒரே கேள்வி, "இன்னிக்குச் செத்தீங்களா?"

கடைசியில் நான் சட்டம் போட்டேன். இனி இங்கிட்டு, அங்கிட்டு என்ற பேச்சே கூடாது. எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிற்போம், லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். ஈஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினாள். நானும் ஐயனாரும் பிழைக்க ஆரம்பித்தோம். இப்போது ஆச்சி சாக ஆரம்பித்தார். "லெஃப்ட்டு" என்றதும் வாட்ச் கட்டிய கை எது என்று குனிந்து பார்ப்பார். நிமிர்வதற்குள் தீ வந்துவிடும். வைத்தியச்சி போய்விட்டால் நாங்கள் எத்தனை நேரம் நிற்போம்?

அந்த நேரத்தில்தான் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கடைசிப் பூதம் ரொம்பக் கடினம் என்று நிறையப் பேர் புகார் சொன்னதால், வருகிற வியாழக்கிழமை முதல் அதன் பலத்தைப் பாதியாகக் குறைக்கிறார்களாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டு என்றால் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காமல் மல்லுக்கட்டுவதற்குத்தான் கடை இருக்கிறதே! ஈஸ்வரியின் முகம் மட்டும் கடுகடு என்று ஆனது.

"என்னண்ணே இது, பாஸ் மார்க்க எறக்கிட்டு எல்லாரும் பாஸுங்கிறதா?"

"ஆமா, நல்லதுதானே? அந்த ஆள் அநியாயத்துக்கு அடிக்கிறான்."

"அநியாயமில்லண்ணே. கையத் தூக்காம அடிச்சான்னா அநியாயம். அத மாத்தச் சொல்லி நானே எழுதிப் போடுவேன். ஒவ்வொரு தடவையும் கையத் தூக்கிக் காட்டிட்டுத்தான் அடிக்கிறான். நாமதான் சரியா நகரல. கத்துக்கிட்டா செயிக்கலாம். இன்னும் ஒரு வாரம் இருக்கு. புதன்கிழமைக்குள்ள இவன இப்ப இருக்க பலத்தோடயே சாய்க்கணும். நாம நாலு பேரும்."

அவள் சும்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. ஓட்டவே வராது என்று வீட்டில் சொல்லி அனுப்பிய எத்தனையோ பெண்களை அந்த ஏற்றத்தில் ஏற்றிவிட்டவள். குறைத்துக் கொடுத்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் அவளுக்கு அது தன்னையே சொன்ன மாதிரி.

எனக்கு இருந்த கவலை வேறு. மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். "நாலு பேருதான், ஆனா நாலாவது ஆளு வேற ஆளா இருக்கட்டும். சேலத்துல ஒருத்தன் வாரேங்கிறான், பெரிய கை. ஆச்சிய வச்சுக்கிட்டுச் செயிக்கணும்னா அந்த இன்ஸ்பெக்டருக்கே இரக்கம் வந்தாத்தான் உண்டு."

"நாகராசு" என்று என்னைக் கூப்பிட்டது காதுக்குள் ஒரு குரல். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆச்சி வீட்டிலிருந்து முன்கூட்டியே ஆட்டத்துக்குள் வந்திருக்கிறார். மைக் ஆனில் இருந்திருக்கிறது. நான் கேடயத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

ஈஸ்வரி பதறிப்போய், "ஆச்சி, அண்ணன் சும்மா சொல்றாக. நீங்க இல்லாம நாங்க ஆட மாட்டோம்" என்றாள்.

"அவன் வாய்விட்டுச் சொல்றான், நீ சொல்லாமச் செய்யிற. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"நான் என்ன ஆச்சி செஞ்சேன்?"

"காருல நீ பிரேக் போடுறேல்ல?"

டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக் கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஆபத்து என்றால் மிதிப்பதற்கு.

"ஆடு வந்தாப் போடுற, சைக்கிள் வந்தாப் போடுற, ஒண்ணுமே வராட்டியும் போடுற. நீ அங்க மிதிச்சா எங் காலுக்குக் கீழ பெடல் தானா எறங்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? டெஸ்டுல அது எறங்கல. எறங்கும் எறங்கும்னு பாத்துக்கிட்டே ஃபெயிலாகி வந்தேன். இந்தப் பூதத்துக்குப் பலத்தக் கொறைக்கக் கூடாதுன்னு இம்புட்டுப் பேசுற, எனக்கு மட்டும் ஏன் கொறைச்சுக் குடுக்குற?"

நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. ஆச்சியின் மேல் அவளுக்கு ஒரு தனிப் பாசம், அதுவே காலில் இறங்கி பிரேக்கை மிதித்திருக்கிறது. அவளுக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"தப்புத்தான் ஆச்சி" என்றாள். "இனிமே தொட மாட்டேன். யார் உசுருக்காவது ஆபத்துன்னா மட்டும் போடுவேன், அது வேற."

"அது போட்டுக்க. அப்பச் சரி, நானும் வாரேன். புதன்கிழமை சேலத்துக்காரரு வேணாம். நாகராசு, ஒனக்குச் சம்மதமா?"

சம்மதம் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை வகுப்புக்குப் பின்சீட்டில் சாட்சியாக என்னையே ஏறச் சொன்னார் ஆச்சி. ஈஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பெடலிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள். "இங்கிட்டு ஒடிங்க ஆச்சி... அங்கிட்டு ஒரு ஆட்டோ வருது, விட்டுப் போங்க..." ஆச்சி அழகாக ஒடித்தார். லெணாவிலக்குப் பக்கம் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஈஸ்வரியின் கால் துடித்ததை நான் பார்த்தேன். துடித்துத் துடித்து அங்கேயே நின்றது. ஆச்சி தானே மிதித்தார். மிதித்த மிதியில் வண்டி குலுங்கி அணைந்து, என் நெற்றி முன்சீட்டில் போய் முட்டியது.

"நானே போட்டேன்!" என்றார் ஆச்சி, ஏதோ கோட்டையையே பிடித்துவிட்டவர் போல. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஆச்சி கண்ணாடி வழியாகக் கையெடுத்து அவரைக் கும்பிட்டார். விளையாட்டில் கும்பிடும் அதே கும்பிடு.

புதன்கிழமை சாயங்காலம் வந்தது. நானும் ஈஸ்வரியும் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்தோம். ஆச்சி, எங்கள் முகத்தைப் பார்த்தால் ஆட வராது என்று வீட்டிலிருந்தே ஆட்டத்துக்கு வந்தார். ஐயனார் மீமிசலில், லோடுக்குக் காத்திருக்கும் வண்டிக்குள். முதல் ஆட்டத்தில் செத்தோம். இரண்டாவதிலும் செத்தோம். மூன்றாவது ஆட்டம் என்னவோ நன்றாகப் போனது. லெஃப்ட், ரைட், லெஃப்ட் என்று ஈஸ்வரி சொல்லச் சொல்ல நாங்கள் நகர, இன்ஸ்பெக்டரின் உயிர் பாதிக்குக் கீழே, கால்வாசிக்குக் கீழே என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆச்சி தப்பித்தது எப்படி என்று கேட்டால், அவர் மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அங்கிருந்தே மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்த யோசனை அவருடையதே.

அப்போது தூணும் இடிந்தது. அதைப் பார்த்துத் திரும்பிய என்மேல் தீ விழுந்தது. கேடயக்காரன் போனான். அதே நேரம் மீமிசலில் மீன் ஏலம் ஆரம்பித்துவிட்டது. "அக்கா, ஒரு நிமிசம், கூப்புடுறாக" என்று தலையைத் திருப்பிய ஐயனார் போனான். ஆச்சியைக் காப்பாற்ற ஈஸ்வரி முன்னால் ஓடினாள், அவளும் போனாள். களத்தில் மிச்சம் இருந்தது இன்ஸ்பெக்டர், நூல் அளவு உயிரோடு. எதிரில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முத்தாள் ஆச்சி.

செத்தவர்கள் ஆட முடியாது, பார்க்கலாம், பேசலாம். நான் பேச வாயைத் திறந்தேன். ஈஸ்வரி என் காதிலிருந்ததைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தாள். தன் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயனாரு, பேசாம இரு" என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, "ஆச்சி, நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். வண்டி ஸ்டார்ட்டுல இருக்கு. நீங்க முன்னால மட்டும் பாருங்க."

"சரி" என்றது ஆச்சியின் குரல்.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். ஈஸ்வரி சொன்னாள், "இங்கிட்டு."

இத்தனை நாளாக நாக்கைக் கடித்து அடக்கி வைத்திருந்த அந்தப் பாழாய்ப்போன சொல், இந்த நேரம் பார்த்து வந்து விழுந்துவிட்டது. முடிந்தது கதை என்று கண்ணை மூடினேன். திறந்தால் ஆச்சி உயிரோடு நிற்கிறார். இடதுபக்கம், சரியான இடத்தில். விளக்கைச் சுழற்றி ஒரு நெருப்புத் துளியை இன்ஸ்பெக்டர் மேல் எறிகிறார்.

"அங்கிட்டு." ஆச்சி வலதுபக்கம் போனார். "அங்கிட்டே இருங்க. இங்கிட்டு வாங்க... ஆங், மெதுவா." ஆச்சி வாட்சையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. கண்மாய்க்குள் வண்டி ஓட்டுவது போல நகர்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எங்கள் நால்வரில் ஈஸ்வரியிடம் கார் ஓட்டப் பழகியவர் ஆச்சி ஒருவரே. அந்தக் காரில் ஈஸ்வரி எப்போதும் உட்காருவது இடதுபக்கம். அவள் பக்கம் இங்கிட்டு, அடுத்த பக்கம் அங்கிட்டு. உலகத்தில் வேறு யாருக்குக் குழம்பினாலும் அவளிடம் ஓட்டப் பழகியவர்களுக்கு அதில் குழப்பமே வராது.

மேஜைக்கு அடியில் ஏதோ சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். ஈஸ்வரியின் வலது கால் தரையை மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத பிரேக்கை. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, போனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆச்சி, இனி நீங்களே பாத்துப் போங்க. நான் சொல்லல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெயிக்கும் நேரத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா? எழுந்து கத்தப் போனேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். போனுக்குள்ளிருந்து ஆச்சி தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்டது. "அங்கிட்டு." சரியாகப் போனார். எறிந்தார். மறுபடி கை. "இங்கிட்டு... இங்கிட்டு..." எறிந்தார். இன்ஸ்பெக்டர் ஒருமுறை ஆடி, முழங்கால் மடங்கி, தரை அதிர விழுந்தார்.

ஆச்சி கேட்டார், "என்ன, படுத்துட்டாரு? நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?"

நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஐயனார் வண்டி ஹாரனை அமுக்கிய அமுக்கில் மீமிசலில் ஏலமே நின்றதாம். ஈஸ்வரி முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்கும். கணபதி வாசலில் வந்து நின்று வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னிக்குச் செத்தீங்களா?"

"மூணு பேரு செத்தோம்ங்க" என்றாள். "ஆச்சி செயிச்சுட்டாக."

வியாழக்கிழமை சொன்னபடி இன்ஸ்பெக்டர் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். ஜெயித்ததற்கு அடையாளமாக எங்கள் தலையில் ஒரு சிவப்புத் தலைப்பாகை ஏறியிருந்தது. இரண்டே நாளில் கருங்கோட்டையில் கண்டவன் தலையிலெல்லாம் அதே சிவப்புத் தலைப்பாகை. அந்தச் சேலத்துக்காரன் ஒற்றை ஆளாகவே சாய்த்துவிட்டானாம். நாங்கள் முழுப் பலத்தோடு சாய்த்ததற்கு ஒரு நூலாவது வேறு நிறத்தில் கொடுத்திருக்கக் கூடாதா? பொருமித் தள்ளினேன். ஈஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "நமக்குத் தெரியும்லண்ணே, போதாதா?" என்றாள். ஆச்சிக்கு மறுபடி டெஸ்டுக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று காலை அவள் ஆச்சியிடம் சொன்னது இவ்வளவுதான். "சார் உக்காந்திருக்க பக்கம் இங்கிட்டு. அவர் லெஃப்ட்டுன்னாலும் அதான்." டெஸ்ட் எடுத்த சார் லெஃப்ட் என்றாராம். ஆச்சி, "இங்கிட்டு" என்று சத்தமாகவே சொல்லி ஒடித்தாராம். என்னம்மா சொன்னீங்க என்று அவர் கேட்க, "ஒண்ணுமில்ல சார், எங்க டீச்சரு பேரு" என்றாராம். குறுக்கே ஒரு நாய் வந்ததாம். தானே மிதித்தாராம். பாஸ்.

லைசென்ஸ் வந்த வாரம், உறை நீக்கிய புதுக் காரை ஆச்சி தானே ஓட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நிறுத்தினார். நிறுத்தியது சாக்கடைக்கு ஒரு சாண் தள்ளி.

"ஈஸ்வரி, ஏறு. புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவோம். நாகராசு, நீயும் பின்னால ஏறிக்க."

ஈஸ்வரி பழக்கத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. முதல் வளைவிலேயே அவள் கால் முன்னால் போய், கீழே எதையோ துழாவியது. வெறும் தரைதான் அகப்பட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினாள்.

"என்ன தேடுற?" என்றார் ஆச்சி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"இது என் காரு. அங்கிட்டு ஒனக்குப் பிரேக்கு கெடையாது."

ஈஸ்வரி செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டாள். அத்தனை வருஷமாகக் காரின் இடதுபக்கம் உட்கார்ந்தவள், அன்றுதான் முதல்முறையாக ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.